குழாயில் காணாமல் போன அமிலம்

ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான், என் மனைவி, குட்டி மூவரும் சுகம்தான். குட்டிக்கு மட்டும் விடாத சளி. துடைத்துத் துடைத்து மூக்கு பழுத்துப் போயிருக்கிறது. நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? அங்கே குளிர் குறைந்ததா?

எனக்கு இடம் மாற்றிவிட்டார்கள். டிரம் நிரப்பும் வேலை போய், ஆசிட்டைக் கொதிக்க வைத்து ஆவியாக்கும் பிரிவுக்கு வந்திருக்கிறேன். கூட யார் என்று நினைக்கிறாய்? நெட்டைதான். தொழிற்பள்ளியில் என்னோடு படித்தவன், நம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டு உன்னிடம் எண்ணெய் வாங்கித் தேய்த்துக்கொள்வானே, அவனேதான். எட்டாத வால்வெல்லாம் அவனுக்கு, குனிந்து பார்க்கும் கேஜெல்லாம் எனக்கு. பிரிவில் எங்களைத் தனித்தனியாகக் கூப்பிடுவதே இல்லை. நெட்டை-குட்டை என்று ஒரே மூச்சில்தான்.

வேலை இதுதான். தொட்டியிலிருந்து ஆசிட் வரும், நாங்கள் கொதிக்க வைப்போம், ஆவி பெரிய குழாய் வழியாக மதிலைத் தாண்டி அடுத்த கம்பெனிக்குப் போகும். அவர்கள் அதை வாங்கிக்கொள்கிறார்கள். இதில் ஒரு சின்னத் தலைவலி. நாங்கள் அனுப்புவதற்கும் அங்கே போய்ச் சேர்வதற்கும் ஒத்து வரவில்லையாம். எங்கோ ஒழுகுகிறது என்கிறார்கள். நானும் நெட்டையும் குழாய் மூட்டு ஒவ்வொன்றாக மோந்துகொண்டு திரிகிறோம். ஒழுகினால் கண் எரிந்தே காட்டிக்கொடுத்துவிடும். ஒன்றும் இல்லை.

அத்தானுக்கு என் வணக்கம். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


பிப்ரவரி 2

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. குட்டிக்குச் சளி விட்டதா? அவளுக்கு ஒரு கம்பளித் தொப்பி வாங்கி வைத்திருக்கிறேன், தலை வளர்வதற்குள் அனுப்பிவிடுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. அத்தான் வேலை விஷயமாக அடிக்கடி வெளியூர் போகிறார்.

நெட்டை உன்னோடு இருப்பது எனக்கு நிம்மதி. நீ அவசரக்காரன், அவன் நிதானம். அவன் தலை இப்போதும் இடிபடுகிறதா என்று நான் கேட்டதாகச் சொல்.

ஒரு வேடிக்கை பார். நீ டன் கணக்கில் கொதிக்க வைக்கும் அதே அசிட்டிக் அமிலத்தைத்தான் நான் இங்கே ஆய்வுக்கூடத்தில் எலுமிச்சம்பழம் அளவுக் கண்ணாடிக் குடுவையில் கொதிக்க வைக்கிறேன். எண்ணெய்த் தொட்டியில் சூடாக்கி, குடுவை நிறைய ஆவி இருக்கும்போது அடைத்து, எடை போட வேண்டும். இருக்க வேண்டியதைவிட அது கனமாக இருக்கிறது. சூட்டைக் கூட்டினால் இளைத்துப் போகிறது. எவ்வளவு சூட்டில் எவ்வளவு இளைக்கிறது என்பதுதான் என் பிழைப்பு. பேராசிரியர் தினமும் வந்து குடுவையை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்.

ஒழுகல் விஷயத்துக்கு: மூட்டுகளில் இருக்கும் வாஷரை மாற்றச் சொல். இந்த அமிலம் ரப்பரைத் தின்றுவிடும்.

நேரத்துக்குச் சாப்பிடு. எல்லோருக்கும் என் அன்பு.

அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல். தொப்பி எப்போது வரும் என்று குட்டி தபால்காரரிடமே கேட்டுவிட்டாள்.

வாஷரெல்லாம் மாற்றியாகிவிட்டது. ஒழுகல் இல்லை என்று எழுதியும் கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் இப்போது பேச்சு வேறு மாதிரி போகிறது. ஒழுகவில்லை என்றால் யாரோ எடுத்திருக்க வேண்டும். நூறு கிலோ கொதிக்க வைத்தால் அறுபது கிலோதான் மதிலைத் தாண்டுகிறது என்று மீட்டர் சொல்கிறதாம். நான் இந்தப் பிரிவுக்கு வந்த வாரம்தான் ஆவிக் குழாயில் புதிதாக ஒரு மீட்டர் மாட்டினார்கள். உள்ளே ஒரு சின்னக் காற்றாடி, ஆவி போகப் போகச் சுற்றும். அதை வைத்துத்தான் பேசுகிறார்கள். அந்தப் பக்கத்துக் கம்பெனியும், எங்களுக்கு அவ்வளவுதான் வருகிறது என்கிறதாம்.

தொட்டிக்கும் மீட்டருக்கும் நடுவில் இருப்பது நானும் நெட்டையும்தான். நேற்று செக்யூரிட்டி ஆபீசர் வந்து எங்கள் பெட்டியைத் திறந்து பார்த்தார். சாப்பாட்டுத் தூக்கைக்கூட விடவில்லை. நெட்டை அவரிடம், “நாப்பது கிலோ ஆசிட்ட தூக்குல எடுத்துட்டுப் போனா தூக்கு இருக்காது, நானும் இருக்கமாட்டேன் சார்” என்று சொல்லிவிட்டான். அவர் சிரிக்கவில்லை.

அக்கா, நீ இதே ஆசிட்டோடுதானே மல்லாடுகிறாய். கொதிக்கும்போது அது குறைந்துபோக ஏதாவது வழி உண்டா? எங்கள் இன்ஜினியர் புதியவர், கேட்டால் எரிந்து விழுகிறார். நீ ஒரு வரி எழுதினால் காட்டலாம். சீக்கிரம் எழுது.

தம்பி


மார்ச் 20

அக்காவுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உடம்பு சரியில்லையா? அத்தானாவது இரண்டு வரி போடக் கூடாதா?

எங்களைப் பிரித்துவிட்டார்கள். ஆபீஸில் என்னை ஓர் அறையிலும் அவனை அடுத்த அறையிலும் உட்கார வைத்து மூன்று நாளாகக் கேள்வி. ஒரே கேள்விதான், வெவ்வேறு விதமாக. யாருக்கு விற்றீர்கள், எந்த வழியாக வெளியே போனது, எப்போதிலிருந்து. என்னிடம், “அவன் எல்லாத்தையும் சொல்லிட்டான். நீ மறைச்சு என்ன பண்ணப்போற? வீட்ல சின்னக் குழந்தை இருக்காமே” என்றார்கள். அவன் சொல்லியிருக்க மாட்டான். சொல்ல என்ன இருக்கிறது? ஆனாலும் சாயங்காலம் வாசலில் அவனைப் பார்த்தபோது இருவருமே ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம்.

திங்கட்கிழமைக்குள் தீரவில்லை என்றால் போலீசுக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். என் மனைவி சரியாகச் சாப்பிடுவதில்லை. குட்டி ஏன் எல்லோரும் மெதுவாகப் பேசுகிறீர்கள் என்று கேட்கிறாள்.

உனக்குத் தெரிந்ததை எழுது அக்கா. தந்தியாவது கொடு.

தம்பி


ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும்.

நான் எழுதிய விஷயம் ஒருவழியாக முடிந்துவிட்டது. என்னை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். நெட்டை வேலையை விட்டுப் போய்விட்டான். வேறு ஊரில் ஏதோ வேலை என்று கேள்வி. அவன் அம்மா மட்டும் அதே தெருவில் இருக்கிறார்கள்.

நீ அதைப் பற்றி இனி ஒன்றும் எழுத வேண்டியதில்லை.

தம்பி


மே 6

அன்புள்ள தம்பிக்கு,

மேலே எழுதியிருக்கும் விலாசத்துக்கு இனிமேல் எழுது. உன் மூன்று கடிதங்களும் நேற்றுதான், ஒரே கட்டாக, என் கைக்கு வந்தன. தபால் கொஞ்சம் தடம் மாறிவிட்டது. நான் நன்றாக இருக்கிறேன்.

முதலில் இதைப் படி, பிறகு உன் இன்ஜினியரிடம் கொண்டுபோய்க் கொடு. யாரும் எதையும் எடுக்கவில்லை. ஒரு சொட்டுகூட எடுக்கவில்லை.

இந்த அமிலத்தின் மூலக்கூறுகள் ஆவியில் தனியாக இருப்பதில்லை. இரண்டு மூலக்கூறுகள் எதிரெதிரே வந்து, இதன் ஹைட்ரஜன் அதன் ஆக்சிஜனையும், அதன் ஹைட்ரஜன் இதன் ஆக்சிஜனையும் பிடித்துக்கொள்கின்றன. இரண்டு கையாலும் பிடித்த மாதிரி. தண்ணீர் ஆவியானால் பெரும்பாலும் தனித்தனியாகத்தான் பறக்கும். இது கொதித்த பிறகும் ஜோடியை விடாது. எல்லாமே ஜோடி இல்லை, கொஞ்சம் தனியாகவும் திரியும். ஒரு ஜோடி பிரிந்தால் இன்னொன்றோடு சேரும், அதுவும் பிரியும். எந்த நேரத்தில் பார்த்தாலும் எத்தனை ஜோடியாக இருக்கும் என்பதைச் சூடும் அழுத்தமும்தான் முடிவு செய்கின்றன. சூடு ஏறினால் பிரியும். நெரிசல் குறைந்தாலும் பிரியும், பிரிந்தது இன்னொன்றைச் சந்திக்க நேரமாகும் என்பதால்.

உங்கள் காற்றாடி மீட்டருக்கு எடை தெரியாது. எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டு ஆவி போகிறது என்பதுதான் தெரியும். தனியாகப் போனாலும் ஜோடியாகப் போனாலும் ஒரே இடத்தைத்தான் அடைக்கும். ஆள் எண்ணும் வாசலில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போகிறவளை ஒருத்தி என்று எண்ணுவது போல. மீட்டரை அமைத்தவர்கள் எல்லாம் தனித்தனி என்று நினைத்து அமைத்திருக்கிறார்கள். அதனால் நூறு அறுபதாகத் தெரிகிறது. மீதி நாற்பதும் அதே குழாயில்தான் போய்க்கொண்டிருக்கிறது.

நம்ப மாட்டார்கள். ஒரு சோதனை சொல்கிறேன். மீட்டருக்கு முன்னால் குழாயைச் சுற்றிச் சூடேற்றச் சொல். உள்ளே விடும் ஆசிட்டை மாற்றக் கூடாது. ஆவி சூடாகச் சூடாக ஜோடிகள் உடையும், மீட்டர் கூடுதலாகக் காட்டும். அறுபது எழுபதாகும், எண்பதாகும். திருடன் இருந்தால் சூட்டைப் பார்த்தா திருட்டைக் குறைத்துக்கொள்வான்?

இதோடு ஆய்வுக்கூட முத்திரையிட்ட தாள் ஒன்றும் வைத்திருக்கிறேன். பேராசிரியர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

நெட்டையை உடனே கூப்பிடச் சொல். இதை அவனிடம் நீயே போய்ச் சொல்ல வேண்டும்.

அக்கா


ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம்.

உன் தாளைக் காட்டினேன். இன்ஜினியர் முதலில் வாங்கி மேஜையில் போட்டுவிட்டார். இரண்டு நாள் கழித்து அவரே வந்து, “உங்க அக்கா எங்க வேலை பாக்கறாங்க?” என்று கேட்டார். பிறகு குழாயைச் சுற்றி மின்சாரச் சூடேற்றி கட்டினார்கள். காலையில் ஆரம்பித்தோம். தொட்டியிலிருந்து போவது அப்படியே இருக்க, மீட்டர் மட்டும் ஏறிக்கொண்டே வந்தது. மேனேஜர், சூப்பர்வைசர், செக்யூரிட்டி ஆபீசர் எல்லோரும் சுற்றி நின்றார்கள். எண்பதைத் தாண்டியதும் ஆபீசர் முதலில் வெளியே போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். சூடேற்றியை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்துக் கம்பெனியின் கெமிஸ்டுக்கு இது முதலிலேயே தெரியுமாம். குறைவாகக் காட்டுவது அவர்களுக்கு லாபம், வாயைத் திறக்கவில்லை.

மீட்டரைத் திருத்திவிட்டார்கள். என்னைப் பிரிவுக்கு மூத்த ஆளாக ஆக்கியிருக்கிறார்கள். என் மனைவி நன்றாக இருக்கிறாள். குட்டிக்குத் தொப்பி சரியாகப் பொருந்தியது.

புது விலாசம் சின்னத் தெருவாகத் தெரிகிறதே. அத்தானுக்கு அங்கிருந்து ஆபீஸ் பக்கமா?

தம்பி


ஜூலை 7

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வேலை நிலைத்ததில் சந்தோஷம். உன் மனைவிக்கும் குட்டிக்கும் என் அன்பு.

ஆனால் கடிதம் முழுக்கத் தேடியும் நெட்டை இல்லை. அவனைக் கூப்பிட்டார்களா? நீ போய்ப் பார்த்தாயா? எடுக்காதவன் ஏன் வேலையை விட்டுப் போக வேண்டும்? இருவரையும் ஒன்றாகத்தானே சந்தேகப்பட்டார்கள், உன்னை மட்டும் எப்படி வரச் சொன்னார்கள்?

நான் குற்றம் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். எழுது.

அக்கா


ஆகஸ்ட் 11

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

நெட்டை எழுதுகிறேன். நான் சௌக்கியம். நீங்கள் சௌக்கியமாக இருக்க வேண்டும். என் அம்மா விலாசத்துக்கு நீங்கள் போட்ட கடிதத்தை அம்மா இங்கே அனுப்பி வைத்தார்கள். தம்பி பதில் எழுதாததால் எனக்கு எழுதுவதாகச் சொல்லியிருந்தீர்கள். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஓர் ஆஸ்பத்திரியின் துணி வெளுக்கும் கூடத்தில் பாய்லர் பார்க்கிறேன். விரிப்புகள், போர்வைகள், டாக்டர் அங்கிகள். வெறும் தண்ணீர் ஆவிதான், கண் எரியாது. கம்பெனியிலிருந்து திரும்ப வரச் சொல்லி ஆள் வந்தது. வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் நேராகக் கேட்டிருக்கிறீர்கள். உங்களிடம் பொய் சொல்ல முடியாது. அன்றைக்கு ஆபீஸில் எங்களை உட்கார வைத்த இரண்டு அறைக்கும் நடுவில் பலகைத் தடுப்புதான். பேசுவது கேட்கும். என்னிடம் கேட்டபோது, நாங்கள் இரண்டு பேரும் ஒரு நிமிஷம்கூடப் பிரிவதில்லை, அவன் எடுத்திருந்தால் நான் பார்த்திருப்பேன் என்றேன். அது முழு உண்மை இல்லை. டீ வாங்க அவன் போவான், நான் போவேன். ஆனால் அப்படித்தான் சொல்லத் தோன்றியது. கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கம் அவன் குரல் கேட்டது. “நான் எடுக்கல சார். அவன் தனியா இருக்கற நேரமும் உண்டு. அப்ப என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது.” அவ்வளவுதான் சொன்னான். அதிலும் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அது அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. நீயாகப் போய்விடு, இல்லையென்றால் போலீஸ் என்றார்கள். போய்விட்டேன்.

உங்கள் ஆவி விளக்கத்தை இன்ஜினியர் அனுப்பியிருந்தார். நன்றாகப் புரிந்தது.

அவன் சொன்னது என் காதில் விழுந்தது அவனுக்குத் தெரியாது அக்கா. தெரிய வேண்டாம். வீட்டில் குழந்தையை வைத்துக்கொண்டு மூன்று நாள் அந்த அறையில் உட்கார்ந்தால் யாருக்கும் அப்படி வந்துவிடும். எனக்குப் புரிகிறது. ஆனால் திரும்பி வந்து அவன் பக்கத்தில் நின்று வால்வு திறக்க என்னால் ஆகாது.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய் கொடுக்க யாரும் இல்லாததால் தலையை இடிக்காமல் நடக்கப் பழகிவிட்டேன்.

வணக்கத்துடன்,
நெட்டை


ஆகஸ்ட் 30

அன்புள்ள தம்பிக்கு,

நீ என் கடிதத்துக்குப் பதில் போடவில்லை. கோபம் இல்லை. நான் உனக்குச் சொல்லாமல் விட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அத்தானும் நானும் பிப்ரவரியிலிருந்து சேர்ந்து இல்லை. அவர் இப்போது வேறு ஓர் இடத்தில், வேறொருத்தியோடு இருக்கிறார். சண்டை என்று ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. ஒருநாள் பெட்டியோடு போனார், நானும் சில நாளில் அந்த வீட்டைப் பூட்டிவிட்டு ஒற்றை அறைக்கு வந்துவிட்டேன். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். பழைய வீட்டு வாசலில் தபால் சேர்ந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியும். அந்தத் தெருவில் கால் வைக்கவே மனம் வரவில்லை. போகலாம் போகலாம் என்று தள்ளிப்போட்டேன். உன் கடிதங்கள் அங்கேதான் கிடந்தன. தபால் தடம் மாறவில்லை.

பிப்ரவரியில் எழுதியது வந்த அன்றே பிரித்திருந்தால் அந்த வாரமே பதில் போட்டிருப்பேன். உங்களைத் தனித்தனி அறையில் உட்கார வைக்கும் முன்பே அது வந்து சேர்ந்திருக்கும். இதை நினைக்காமல் நான் குடுவையைக் கையில் எடுப்பதில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நடந்ததில் உன் பங்கு மட்டும் இல்லை என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன் பங்கு என்ன என்று நான் கேட்கவில்லை.

நெட்டையின் விலாசம் கீழே இருக்கிறது. கடிதம் எழுதாதே. நேரில் போ.

எனக்காகக் கவலைப்படாதே. காலை ஆய்வுக்கூடம், மாலை இந்த அறை. சமைத்துச் சாப்பிடுகிறேன்.

அக்கா


அக்டோபர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

குட்டிக்குப் பல் விழுந்திருக்கிறது. மற்றபடி வீட்டில் எல்லோரும் நலம். உன் கடிதத்தை என் மனைவிதான் முதலில் படித்தாள், அடுப்பை அணைத்துவிட்டு அழுதாள். நீ அங்கே தனியாக இருக்கிறாய் என்று தெரியாமல், ஒவ்வொரு கடிதத்திலும் அத்தானைக் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறேன். இங்கே வந்துவிடு என்று சொல்ல ஆசைதான். நீ வர மாட்டாய் என்றும் தெரியும். அவள் இனி வாரம் ஒரு கடிதம் போடுவதாகச் சொல்கிறாள். பதில் எழுதாவிட்டால் பரவாயில்லை, வாங்கிப் பிரித்துவிடு.

நெட்டையைப் போய்ப் பார்த்தேன். ஒரு மாதம் நாளைக் கடத்திவிட்டு, போன ஞாயிற்றுக்கிழமை போனேன். ஆஸ்பத்திரியின் பின்பக்கம், கொடி கொடியாக வெள்ளை விரிப்புகள் காய்கிற இடம். விரிப்புகளுக்கு மேலே அவன் தலை மட்டும் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தான். “வா, டீ குடிக்கலாம்” என்றான்.

கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். குட்டியைப் பற்றிக் கேட்டான், பல் விழுந்ததைச் சொன்னேன், சிரித்தான். உன்னைப் பற்றிக் கேட்டான். வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனதை ஆரம்பித்தேன். “நெட்டை, அன்னிக்கு ஆபீஸ்ல…” என்றதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

“சொல்லாதடா. நீ சொன்னா நான் பதில் சொல்லணும். எங்கிட்ட நல்ல பதில் இல்ல.”

குரலை உயர்த்தவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் முழுவதையும் சொல்லியிருப்பேன். அவனுக்கு எல்லாம் தெரியும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எத்தனை நாளாகத் தெரியும், எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. உனக்கும் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதனால்தான் நேரில் போகச் சொன்னாய். அதையும் நான் கேட்கவில்லை.

கம்பெனிக்கு வா, இப்போதும் உன்னை எடுத்துக்கொள்வார்கள் என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தான். டீக்கு அவனே காசு கொடுத்தான்.

எங்கள் பிரிவில் புதிதாக ஒருவன் வந்திருக்கிறான். நல்ல மாதிரிதான், சொன்னதைச் செய்கிறான். அவனோடு வேலையைத் தவிர நான் ஒன்றும் பேசுவதில்லை.

நெட்டை பஸ் ஸ்டாண்ட் வரை வந்தான். நான் ஏறி உட்கார்ந்த பிறகும் போகாமல் நின்றான். அவன் உயரத்துக்கு ஜன்னல் சரியாக முகத்துக்கு நேராக இருந்தது. ஏதாவது சொல்வான் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வண்டி நகரும்போது, “கண்ணாடிய மூடிக்கோ, மழ வரும்” என்றான்.

மழை வரவில்லை அக்கா. ஊர் வந்து சேரும்வரை நான் கண்ணாடியைத் திறக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி